கவசத்தில் முத்திரை இருந்தால் போதுமா?

கேள்வி: என் கணவர் ராதாபுரம் பக்கம் ஒரு கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்க்கிறார். முன்பெல்லாம் துண்டைக் கட்டிக்கொள்வார். இப்போது 'என் 95' என்று அச்சிட்ட முகக்கவசம் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும், மாலையில் கழற்றும்போது மூக்கோரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தூசி படிந்திருக்கிறது. அது தரமான கவசம்தானா?
— வாசகி, வள்ளியூர்

பதில்: 'என் 95' என்பது, 'நியோஷ்' எனப்படும் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1995-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி வழங்கும் தகுதி. உப்புத் துகள் கலந்த காற்றை நிமிடத்துக்கு 85 லிட்டர் வேகத்தில் செலுத்தி, வடிகட்டி குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கிறதா என்று அங்கே சோதிக்கிறார்கள். தேறிய கவசத்தில் தயாரிப்பாளர் பெயரும் 'டி.சி. 84ஏ' என்று தொடங்கும் ஒப்புதல் எண்ணும் இருக்கும். தலையில் மாட்டும் பட்டைகளுக்குப் பதிலாகக் காதில் மாட்டும் வளையம் இருந்தால், அது போலி என்றே சந்தேகிக்கலாம்.

நம் நாட்டில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 9473; இதில் என் 95-க்கு ஏறத்தாழ ஈடான வகை 'எஃப்.எஃப்.பி. 2'. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே தரநிலை எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டுப் பார்த்தால், உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கானது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எண் இல்லாத முத்திரை வெறும் அலங்காரம்.

ஆனால், மூக்கோரத்துத் தூசிக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். நியோஷ் சோதனையில் கவசத்தை விளிம்பில் இடைவெளியே இல்லாதபடி கருவியில் பொருத்தி ஒட்டிவிடுவதால், அந்தச் சான்றிதழ் வடிகட்டிக்குத்தான் பொறுப்பேற்கிறதே தவிர, உங்கள் கணவரின் முகத்தில் அது பொருந்துமா என்பதற்கு அல்ல. அமெரிக்காவில் தொழிலாளியின் தலைக்கு மேல் ஓர் உறையைக் கவிழ்த்து, சாக்கரின் கரைசலைத் தூவி, நாக்கில் இனிப்புத் தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிந்தால் கவசம் கசிகிறது என்று பொருள். இங்கே அவ்வளவு ஏற்பாடு இல்லாவிட்டாலும், ஒரு பட்டையை உச்சந்தலையிலும் மற்றதைப் பிடரியிலும் மாட்டி, மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திவிட்டு, உள்ளங்கைகளால் கவசத்தை மூடிப் பலமாக ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். கண் பக்கம் காற்று வந்தால் சரிசெய்ய வேண்டும். தாடி இருந்தால் எந்தக் கவசமும் படியாது.

துண்டுக்கு மட்டும் திரும்ப விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் தூசியை அது ஓரளவு தடுக்கும். நுரையீரலின் ஆழம் வரை போய், கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸை உண்டாக்குவதோ கண்ணுக்கே தெரியாத நுண்துகள். அந்த நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. காசநோய் போலத் தோன்றக்கூடும் என்பதால், மருத்துவரிடம் கிரஷர் வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உண்மையில் முகக்கவசம் கடைசிக் காவல்தான். தண்ணீர் தெளித்தும் இயந்திரத்தை மூடியும் தூசியை எழும் இடத்திலேயே அடக்குவது நிர்வாகத்தின் கடமை. 2025-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும் வரை இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆவது பிரிவும் அதையே வலியுறுத்தியது. கவசத்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: எல்லாப் பாதுகாப்புக் காலணியிலும் ஐ.எஸ். 15298 என்றே இருக்கிறது. விலை மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?
— வாசகர், கங்கைகொண்டான்

பதில்: எண்ணுக்குப் பின்னால் வரும் பகுதி எண்ணைப் பாருங்கள். பகுதி 2 என்றால், விரல் பக்கத்து மூடி 200 ஜூல் தாக்குதலைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். பகுதி 3-க்கு 100 ஜூல் போதும். பகுதி 4-இல் அந்த மூடியே கட்டாயமில்லை. இரும்புச் சாமான் தூக்கும் இடத்தில் பகுதி 4 காலணியைக் கொடுத்தால், முத்திரை அசலாக இருந்தும் விரலுக்குக் காப்பில்லை.

கேள்வி: பைக் ஹெல்மெட்டையே கட்டட வேலைக்கும் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கூடாது. பைக் ஹெல்மெட்டின் தரநிலை ஐ.எஸ். 4151, வேலைத்தளத்துக்கு உரியது ஐ.எஸ். 2925. பின்னதில் ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே பட்டைகள் ஓர் இடைவெளியைக் காத்து, மேலிருந்து விழும் அடியை வாங்கிக்கொள்கின்றன. அந்த இடைவெளியில் பீடிக்கட்டையும் செல்போனையும் செருகி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அதன் பயனையே கெடுத்துவிடும். எந்த ஹெல்மெட்டாக இருந்தாலும், பலமாக ஒரு முறை அடிபட்டுவிட்டால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.