கல்விப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கும் ஐந்தாம் படிவ மாணவி. அப்பா செம்பனைக் குலை அறுக்கிறார். முன்னோட்டத் தேர்வில் ஆறு ஏ பெற்றேன். எஸ்.பி.எம். எனும் மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வின் முடிவு வந்த பிறகு உபகாரச் சம்பளத்திற்கு எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்? கடன் வாங்கிப் படிக்க வேண்டாம் என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார்.

பதில்: முடிவு வரட்டும் என்று காத்திருக்கும் வழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள், மகளே. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பொதுவான யு.பி.யு. விண்ணப்பமும், பல்கலைக்கழகத்திற்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்காகக் கல்வியமைச்சு தனியாக நடத்தும் விண்ணப்பமும், தேர்வு முடிவு வெளியாவதற்கு முன்பே திறக்கப்படுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு விண்ணப்பங்கள். ஒன்றை நிரப்பிவிட்டு மற்றதும் சேர்ந்தே போய்விட்டது என்று நம்பி ஏமாந்த மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 10ஏ-யும் அதற்கு மேலும் பெறுவோருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். உங்கள் தேர்ச்சி அதற்குக் கீழே அமைந்தால் போட்டி கடுமையாகத்தான் இருக்கும். ஆகவே மெட்ரிகுலேஷன், யு.பி.யு., ஆறாம் படிவம் ஆகிய மூன்று கதவுகளையும் தட்டுங்கள். ஆறாம் படிவத்தைச் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். ஒன்றரை ஆண்டில் முடிந்து, வீட்டிலிருந்தே போய்வந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் எஸ்.தி.பி.எம். சான்றிதழைத் தரும் அந்த வழியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

இனி பணத்தைப் பற்றிப் பேசுவோம். உபகாரச் சம்பளம், கல்விக் கடன், ஒருமுறை கொடுக்கும் உதவித்தொகை ஆகிய மூன்றும் வேறு வேறானவை. பொதுச்சேவைத் துறையின் உபகாரச் சம்பளமோ, தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ், மத்திய வங்கியான பேங்க் நெகாரா போன்ற நிறுவனங்களின் உபகாரச் சம்பளமோ கிடைத்தால், பொதுவாகப் படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் பணியாற்றுவதாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கும்; கையொப்பமிடுவதற்கு முன் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து அதை முழுவதும் படியுங்கள். 1982-இல் தொடங்கிய சைம் டார்பி அறவாரியம், வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவும் குவோக் அறவாரியம், 1984-இல் அமைந்த எம்.ஐ.இ.டி. எனும் கல்வி மேம்பாட்டுக் கழகம் ஆகியவற்றின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

நீங்கள் சுங்கை சிப்புட்காரி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் ஊரில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்ந்த தாத்தா பாட்டிமார் ஏராளம். அச்சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கி வருகிறது. வீட்டிலுள்ள பழைய தகரப் பெட்டியைத் திறந்து, உறுப்பினர் அட்டையோ பங்குப் பத்திரமோ இருக்கிறதா, அது இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா காலமாகி, பெயர் மாற்றாமலே கிடந்தால், முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோயில் மண்டபத்தில் மாணவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு மாணவனின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் ஆங்கில 'ஐ' எழுத்தில் முடிந்தது. தந்தையின் அடையாள அட்டையிலோ 'ஒய்' எழுத்தில் முடிந்தது. எவரும் பெரிதுபடுத்தவில்லை, நானும்தான். அவனுடைய விண்ணப்பம் ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. சத்தியப் பிரமாணம் எடுத்து மீண்டும் அனுப்புவதற்குள் இறுதி நாள் கடந்துவிட்டது. மதிப்பெண் போதாமல் அவன் வாய்ப்பை இழக்கவில்லை, ஓர் எழுத்தால் இழந்தான். இன்றிரவே உங்கள் வீட்டு ஆவணங்களைப் பாயில் பரப்பிவைத்து, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஈ.பி.எப். எனும் சேமநிதி அறிக்கை, எஸ்.தி.ஆர். எனும் அரசாங்க ரொக்க உதவி பெறுவதற்கான சான்று ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுப்புக் கூலி மாதத்திற்கு மாதம் ஏறி இறங்குவதால், ஒரு மாதச் சீட்டு மட்டும் உண்மையான வருமானத்தைக் காட்டாது. அதிகம் விளைந்த மாதத்துச் சீட்டைத் தனியாக அனுப்பி உங்களுக்கு நீங்களே கேடு செய்துகொள்ளாதீர்கள்.

அப்பாவின் அச்சத்தை மதிக்கிறேன். கடன்பட்டுக் கலங்கிய குடும்பங்களைப் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என்., வட்டிக்காரரிடம் வாங்கும் கடனைப் போன்றதன்று. ஆண்டுக்கு ஒரு விழுக்காடு மட்டுமே சேவைக் கட்டணம். படித்து முடித்த பிறகுதான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேர்ச்சி பெறுவோருக்குத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்களிக்கும் ஏற்பாடும் உண்டு, அதன் நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டில் கேட்டறியுங்கள். உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் படிப்பையே விட்டுவிடுவது என்ற முடிவுக்கு மட்டும் உங்கள் குடும்பம் வந்துவிடக் கூடாது.

கேள்வி: மகன் சுமாராகத்தான் தேறுவான் போலிருக்கிறது. ஒரு தனியார் கல்லூரியின் ஏஜென்ட் லயத்துக்கே வந்து, முன்பணம் கட்டினால் இடமும் பி.டி.பி.டி.என்.-உம் உறுதி என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். கல்விக் கடனை உறுதியளிக்க எந்த ஏஜெண்டுக்கும் அதிகாரமில்லை. அந்தக் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், மகன் சேரப்போகும் குறிப்பிட்ட படிப்பு, படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எம்.கியூ.ஏ.-வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று நூலகத்திலோ பள்ளியிலோ இணையத்தில் தேடிப் பாருங்கள்; அங்கீகாரமில்லாத படிப்புக்குக் கடன் கிடைக்காது. ஈப்போவில் அரசாங்கத்தின் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய அது நாட்டின் முதல் பாலிடெக்னிக். அங்கே டிப்ளோமா படிக்க ஆகும் கட்டணத்தையும் ஏஜென்ட் சொல்லும் தொகையையும் ஒரே தாளில் எழுதி மகனுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: மகள் நான்காம் படிவம். புதன்கிழமை புறப்பாட நடவடிக்கைக்கு நின்றால் தோட்டத்துப் பேருந்தை விட்டுவிடுகிறாள். படிப்புதானே முக்கியம், நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. பல்கலைக்கழக நுழைவுக்குக் கணக்கிடும் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஒரே தேர்ச்சி பெற்ற இருவரில் யாருக்கு இடம் என்று வரும்போது அந்தப் பத்துதான் பேசும். வருகையும், பொறுப்பும், போட்டிகளில் பங்கெடுப்பும் அதில் சேரும். சங்கச் செயலாளர் பொறுப்பை மகள் கேட்டு வாங்கலாம். கூட்டக் குறிப்பை வீட்டில் உட்கார்ந்தும் எழுதலாம் அல்லவா? பேருந்து சிக்கலுக்கு, அதே தோட்டத்தில் அவளைப் போல் நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, புதன்கிழமை மட்டும் ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள். நான்கைந்து வீடுகள் பங்கிட்டால் சுமை குறையும். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுவையுங்கள். மழையில் ஒழுகும் கூரைக்கடியில் நனைந்து மை கலைந்த சான்றிதழை நேர்முகத் தேர்வில் நீட்டிய ஒரு பெண்ணின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.