2000களின் சிறந்த இண்டி ராக் ஆல்பம் எது? அந்தக் குழுக்களை எப்படிக் கண்டடைந்தீர்கள்?

இரண்டாவது கேள்விக்கான பதில்தான் நீளமானது என்பதால் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் எனக்குச் சிறந்த இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத குழுக்களின் ராக் இசை) ஆல்பம், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஆர்கேட் ஃபயர் குழு 2004 செப்டம்பரில் வெளியிட்ட ‘ஃப்யூனரல்’. இந்த முடிவுக்கு வந்து சேர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அவற்றில் இரண்டு ஆண்டுகள் அந்த ஆல்பத்தைத் தவறான வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவன். ரயில்வே வேலையை ஒட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த பகுதி என்பதால் கிதார் ஓசை எங்களுக்கு அந்நியமானதாக இருந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், நாங்கள் எல்லோரும் அங்கிள் என்று கூப்பிடுபவர், மாலையில் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து எல்விஸ் பாடல்களை வாசிப்பார். ராக் என்றால் அது அவருடைய வயதுக்காரர்களின் இசை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 2005-இல் கல்லூரிக்குப் போன பிறகுதான், எங்கள் வயதுக்காரர்களும் உலகின் ஏதோ ஒரு மூலையில் ராக் இசையைப் புதிதாக உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பர்மா பஜாரில் எம்பி3 சி.டி. தாராளமாகக் கிடைத்தது, ஆனால் அங்கே கிடைத்தவை உலகமே அறிந்த பெரிய குழுக்களின் தொகுப்புகள். சிறிய குழுக்களை எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் கல்லூரியில் ஈராண்டு மூத்த ஓர் அண்ணன். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காத்திருந்து பாடல்களை இறக்கி, ஒரே சி.டி.யில் பன்னிரண்டு ஆல்பங்களை அடக்கி, மேலே பச்சை மார்க்கரால் குழுவின் பெயர்களை எழுதித் தருவார். தி ஸ்ட்ரோக்ஸ், இன்டர்போல், வில்கோ, ஆர்கேட் ஃபயர் என்ற பெயர்களையெல்லாம் நான் முதன்முதலில் அந்தப் பச்சை எழுத்தில்தான் பார்த்தேன்.

எங்கள் வீட்டு டி.வி.டி. பிளேயர் பாடல்களை ஆங்கில அகரவரிசைப்படிதான் இயக்கும். அதனால் ‘ஃப்யூனரல்’ எனக்கு ‘க்ரௌன் ஆஃப் லவ்’ பாட்டில் தொடங்கி, ‘வேக் அப்’ பாட்டில் முடிந்தது. உண்மையில் முதலாவது ஆறாம் பாட்டு. மற்றொன்று ஏழாம் பாட்டு. இது தெரியாமலேயே, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, இந்த ஆல்பத்தின் அமைப்பைப் பற்றி நானும் என் நண்பனும் இரண்டு ஆண்டுகள் வாதாடியிருக்கிறோம். பிறகு அவனுடைய உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அசல் சி.டி.யை வாங்கி வந்தார். அதன் பின்னட்டையை விரலால் தொட்டுப் படித்துக்கொண்டே வந்த நண்பன், “டேய், ‘இன் த பேக்ஸீட்’ மூணாவது பாட்டு இல்லடா, அதுதான் கடைசிப் பாட்டு” என்றான். அன்று மாலையே முதலிலிருந்து கடைசிவரை சரியான வரிசையில் கேட்டோம். பனி மூடிய தெருவில் இரண்டு வீட்டுச் சன்னல்களுக்கு நடுவே சுரங்கம் தோண்ட நினைக்கும் பிள்ளைகளில் தொடங்கி, காரின் பின்னிருக்கையில் நிம்மதியாகப் பயணித்துப் பழகிய ஒரு பெண், குடும்பத்தில் மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டதால் தானே வண்டியை ஓட்டவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டதை உணர்வதில் அது முடிகிறது. குழந்தைப் பருவத்திலிருந்து முன்னிருக்கை வரையிலான அந்தப் பயணம் அகரவரிசையில் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ஆல்பம் என்பது பாட்டுகளின் மூட்டை அல்ல என்ற எண்ணம் என்னுள் உறுதிப்பட்டது அன்றுதான். இன்றுவரை எந்த விவாதத்திலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்தப் பத்தாண்டு முடியும்போது, 2009-இல், பிரிட்டனின் என்.எம்.இ. என்ற இசை இதழ், பத்தாண்டின் சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் தி ஸ்ட்ரோக்ஸ் குழுவின் ‘இஸ் திஸ் இட்’ ஆல்பத்தை முதலிடத்தில் வைத்தது. அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் என்ற இசை இணையதளம் ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’ ஆல்பத்துக்கு முதலிடமும் ‘ஃப்யூனரல்’ ஆல்பத்துக்கு இரண்டாமிடமும் கொடுத்தது. எங்கள் மாடியிலும் இதே மூன்று கட்சிகள் இருந்தன. நண்பன் ஸ்ட்ரோக்ஸ் கட்சி, சி.டி. தந்த அண்ணன் ரேடியோஹெட் கட்சி.

நண்பனின் வாதம் வலுவானது. அதை நான் ஒருபோதும் எளிதாகத் தள்ளியதில்லை. நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான 11 பாடல்கள், மொத்தம் 36 நிமிடம்தான். அதற்குள் வீணான ஒரு நொடிகூட இல்லை. இரண்டு கிதார்களும் ஒன்றின் பேச்சை மற்றொன்று முடித்துவைப்பதுபோல ஓடும் அந்த ஓட்டத்தைக் கேட்டுவிட்டுக் கிதாரைக் கையில் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் அந்த ஆல்பத்தின் சி.டி. தள்ளிப்போடப்பட்டு, நியூயார்க் காவலர்களைப் பற்றிய ஒரு பாட்டு நீக்கப்பட்டு, அந்த இடத்தில் வேறொரு பாட்டுடன் அக்டோபரில் வெளிவந்தது. ஒரு பாட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தும் ஆல்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இதுவே அதன் பலம் என்பான் நண்பன். இதையேதான் நான் குறையாகச் சொல்கிறேன். ‘ஃப்யூனரல்’ ஆல்பத்தில் ஒரு பாட்டை இப்படி மாற்றிப் பாருங்கள், முழுவதும் ஆட்டங்கண்டுவிடும்.

‘கிட் ஏ’ அப்படியல்ல. வரிசையை மாற்ற முடியாத, முழுமையான ஆல்பம் அது. கிதாரால் புகழ்பெற்ற ஒரு குழு, அந்தக் கிதாரைப் பெரும்பாலும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சிங்கிளைக்கூட (தனியாக விற்கும் பாட்டு) வெளியிடாமல், 2000 அக்டோபரில் முழு ஆல்பத்தையும் மக்கள் முன் வைத்தது பெருந்துணிச்சல். என் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. அது தனியாக, இரவில், ஹெட்போனில் கேட்பதற்கானது. பத்துப் பேர் கூடி உட்கார்ந்த மாடியில் அதைப் போட்டால் எல்லோரும் அமைதியாகி அவரவர் உலகத்துக்குள் போய்விடுவார்கள். தவிர, ரேடியோஹெட் அப்போது பெரிய நிறுவனத்தின் கீழ் இருந்த குழு. இண்டி என்ற சொல்லே இண்டிபெண்டண்ட் என்பதன் சுருக்கம். பெரிய நிறுவனங்களைச் சாராத சிறிய லேபிள்களில், அதாவது சிறிய இசை வெளியீட்டு நிறுவனங்களில், வெளிவரும் இசை என்பதுதான் அதன் முதற்பொருள். இந்த வரையறையை மிகக் கடுமையாகப் பிடித்துக்கொள்ளவும் முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வில்கோவின் ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தை அப்போதைய ஏஓஎல் டைம் வார்னர் குழுமத்தின் ஒரு லேபிள் வெளியிட மறுக்க, குழு அதை 2001-இல் இணையத்தில் இலவசமாகக் கேட்கவிட, பிறகு அதே குழுமத்தின் இன்னொரு லேபிளே பணம் கொடுத்து வாங்கி 2002-இல் வெளியிட்டது. அதை இண்டி என்பதா இல்லையா என்ற சண்டை எங்களிடையே இன்னும் தீரவில்லை.

‘ஃப்யூனரல்’ என் மனத்தில் முதலிடம் பிடித்ததற்கு இசை விமர்சனம் மட்டும் காரணமல்ல. நான் வளர்ந்த ஊரும் ஒரு காரணம். அந்த ஆல்பம் உருவான காலத்தில் குழுவினரின் வீடுகளில் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தன. ரெஜீன் சசான்யேயின் பாட்டி 2003-இல் இறந்தார். பட்லர் சகோதரர்களின் தாத்தாவும் ஸ்டீல் கிதார் கலைஞருமான அல்வினோ ரே, ரிச்சர்ட் ரீட் பாரியின் அத்தை ஆகிய இருவரும் 2004-இல் இறந்தார்கள். அதனால்தான் இறுதிச்சடங்கு என்று பொருள்படும் அந்தப் பெயர். சாவைப் பற்றிய பாட்டு என்றால் தாழ்ந்த குரலில்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆல்பத்தின் ஆர்ப்பாட்டம் வியப்பாக இருக்கலாம். வடசென்னையில் வளர்ந்தவனுக்கு அதில் வியப்பு இல்லை. புளியந்தோப்பில் என் பெரியப்பா இறந்த இரவில் மரண கானா பாட வந்தவர், முதலில் என் அண்ணனைத் தனியே அழைத்து, இறந்தவரின் பெயர், தொழில், பிள்ளைகளின் பெயர், அவருக்குப் பிடித்த டீக்கடை வரைக்கும் கேட்டுக்கொண்டார். பிறகு டோலக் ஓசையோடு விடியும்வரை அவற்றையெல்லாம் பாட்டில் கோத்துக்கொண்டே போனார். நள்ளிரவுக்குப் பின், பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் திருப்பிப் பாடினார்கள். அழுதுகொண்டிருந்த என் பெரியம்மாவும் பாடினார். ‘வேக் அப்’ பாட்டின் நடுவே சொற்களே இல்லாமல் மொத்தக் குழுவும் உரத்த குரலில் சேர்ந்து பாடும் இடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்தல்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டு இசைக்கும் ஒருவித உறவும் கிடையாது. ஆனால் துக்கத்தைத் தனியொருவர் மேல் விட்டுவிடாமல் கூட்டமாகச் சுமக்கும் வழக்கம் இரண்டிலும் இருக்கிறது. 2012-இல் சென்னையில் தினமும் இரண்டு மணிநேரம் கரண்ட் போன நாட்களில், ‘பவர் அவுட்’ என்ற நான்காம் பாட்டும் எங்களுக்கு மிக நெருக்கமாகிவிட்டது. அதற்குப் பின்னால் இருப்பது 1998 ஜனவரியில் மாண்ட்ரியலைப் பல நாட்கள் இருளிலும் குளிரிலும் தவிக்கவிட்ட பனிக்கட்டிப் புயல். எங்கள் வேர்வைக்கும் அந்தக் குளிருக்கும் வெகு தூரம் என்றாலும், இருட்டில் தெருவுக்கு இறங்கிவரும் பிள்ளைகள் ஒன்றுதான்.

இனி, புதிய குழுக்களைத் தேடுவது பற்றி. ஓர் ஆல்பம் பிடித்துவிட்டால், அதை வெளியிட்ட லேபிளின் பெயரைப் பாருங்கள். சிறிய லேபிளுக்குப் பின்னால் ஒரு சிலரின் ரசனை இருக்கும். அந்த ரசனை உங்களுக்கு ஒத்துப்போனால் வழிகாட்டி கிடைத்துவிட்டது என்று பொருள். ‘ஃப்யூனரல்’ ஆல்பத்தை வெளியிட்ட மெர்ஜ், சூப்பர்சங்க் என்ற குழுவின் உறுப்பினர்களே 1989-இல் தொடங்கிய லேபிள். அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் நியூட்ரல் மில்க் ஹோட்டலின் 1998 ஆல்பத்துக்கும் ஸ்பூன் குழுவுக்கும் நான் போய்ச் சேர்ந்தேன். செயலிகள் தானாகப் பரிந்துரைப்பதைவிட இந்த வழி மெதுவானது. ஆனால் இப்படிக் கிடைத்த குழுக்களே என்னோடு நிலைத்திருக்கின்றன.

தேடலை நம் பக்கத்து மாநிலங்களிலும் நம் ஊரிலும்கூடத் தொடருங்கள். கேரளத்தின் அவியல் குழு மலையாளப் பாடல்களை ராக் இசையில் அமைத்து 2008-இல் வெளியிட்ட ஆல்பம் அந்தப் பத்தாண்டின் எந்த உலகப் பட்டியலிலும் இடம்பெறத் தகுந்தது என்று உறுதியாகச் சொல்வேன். என் பட்டியலில் அது முதல் பத்துக்குள் இருக்கிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு தன் முதல் கச்சேரியை நடத்தி, கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. அது அடுத்த பத்தாண்டின் விவாதத்தில் முதலில் எடுக்க வேண்டிய பெயர்.

‘ஃப்யூனரல்’ ஆல்பத்தை நீங்கள் இதுவரை கேட்டதில்லை என்றால், செயலியில் ஷஃபிள் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘டனல்ஸ்’ என்ற முதல் பாட்டிலிருந்து தொடங்குங்கள். கடைசிப் பாட்டு முடிய 48 நிமிடம் ஆகும்.