ஸ்கேன் நார்மல் என்றார்கள், அப்புறம் எதற்கு சி.டி.?

கேள்வி: நாய் குறுக்கே ஓடியதில் என் தம்பி பைக்கோடு விழுந்து, ஹேண்டில்பார் வயிற்றில் குத்திவிட்டது. வெளியே சின்னச் சிராய்ப்புதான். ஆஸ்பத்திரியில் உடனே ஸ்கேன் பார்த்து ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். அப்புறம் சி.டி.யும் எடுத்து, ஒரு நாள் தங்கவும் வைத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. வீண் செலவுதானே டாக்டர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லைம்மா, வீண் செலவே இல்லை. முதலில் பார்த்தது 'ஃபாஸ்ட்' என்கிற அல்ட்ராசவுண்ட். படுக்கையிலேயே சில நிமிடங்களில் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், இதய உறையில் என நான்கே இடங்களில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். தேங்கியிருந்தால் கறுப்பாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் 200 மில்லியாவது சேர்ந்தால்தான் கண்ணில் படும். மண்ணீரல் கிழிந்தும் ரத்தம் வெளியே கசியாமல் இருந்தால் இந்த ஸ்கேன் நார்மல் என்றுதான் காட்டும். குடல் ஓட்டை, கணையக் காயம், முதுகுப்பக்கம் தேங்கும் ரத்தம் எல்லாம் இதில் எளிதாகத் தப்பிவிடும்.

உங்கள் தம்பி விஷயத்தில் எனக்குக் கவலை தருவது அந்த ஹேண்டில்பார்தான். அது குத்தும் வேகத்தில் கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்போடு நசுங்கிவிடலாம், வெளியே சிராய்ப்பு மட்டும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, உறுப்புகளைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்கிற சி.டி. வேண்டும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும், பயப்பட வேண்டாம். காயம் எவ்வளவு ஆழம் என்று 1 முதல் 5 வரை தரம் பிரித்துச் சொல்வதும் இந்தப் படத்தை வைத்துத்தான். மண்ணீரல், கல்லீரல் காயம் பலருக்கு இன்று கத்தி வைக்காமலே ஆறுகிறது என்றால், அதற்கு இது பெரிய காரணம். ஆனால் பிபி இறங்கிக்கொண்டே போய், ஃபாஸ்டிலும் ரத்தம் தெரிந்தால் சி.டி.க்கு நேரமில்லை, நேரே ஆபரேஷன் தியேட்டர்தான்.

சரி, சி.டி.யும் நார்மல், பிறகு ஏன் தங்க வைத்தார்கள்? குடல், கணையக் காயம் முதல் சில மணி நேரம் சி.டி.யில்கூடப் பிடிபடாமல் போகலாம். அதனால்தான் அடிக்கடி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாடித்துடிப்பைக் கவனிப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்று வலி கூடினாலோ, வாந்தி, காய்ச்சல், தலைசுற்றல், இடது தோளில் வலி வந்தாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள், சி.டி. படத்தையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.