1929ஆம் வருடப் பாட்டைப் பாட யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். ‘ஐன்ட் மிஸ்பிஹேவிங்’ பாட்டை என் மகள் பியானோ வாசித்துப் பாடி யூடியூபில் போட ஆசைப்படுகிறாள். பாடலாசிரியர் ஆன்டி ராசாஃப் குடும்பத்தின் சார்பில் அனுமதி தருவதாகச் சொல்லி ஓர் இணையதளம் 150 டாலர் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அமெரிக்காவில் 1929இல் வெளியான பாட்டுக்குப் பதிப்புரிமை 95 வருடம். அது 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ராசாஃபின் வரிகளும் ஃபேட்ஸ் வாலர், ஹாரி புரூக்ஸ் போட்ட மெட்டும் 2025 ஜனவரி 1 முதல் அங்கே எல்லோருக்கும் பொது. பொதுவானதற்கு அனுமதி விற்க எவருக்கும் அதிகாரம் கிடையாது.

குடும்பத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ராசாஃப் மடகாஸ்கர் அரச வம்சத்தவர். 1895இல் வாஷிங்டனில் பிறந்தார். முதல் பாட்டு மேடையேறிய 1913இல் லிஃப்ட் இயக்கும் வேலையில் இருந்தார். ‘ஹாட் சாக்லெட்ஸ்’ மேடை நிகழ்ச்சிக்காக எழுதிய இந்தப் பாட்டையும் மற்ற பாட்டுகளையும் 1929இல் வாலரும் அவரும் வெறும் 500 டாலருக்கு விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். 1951இல் பக்கவாதம் வந்து, 1973இல் இறந்தார். எழுதியவனைக் காக்கத்தான் சட்டம் என்கிறார்கள். முதலில் காத்தது வாங்கியவனை.

சரி, நீங்கள் கவனிக்க வேண்டியது ஒலிப்பதிவை. பாட்டு வேறு, பதிவு வேறு. வாலரும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1929இல் கொடுத்த இசைத்தட்டுகளுக்கு 100 வருடக் கணக்கு. 2029 முடியும்வரை தொடக்கூடாது. கரோக்கி டிராக்கும் அப்படித்தான்: பாட்டு பழையது, ஆனால் அந்தப் பதிவு நேற்று ஒருவர் செய்தது, அவருக்கே சொந்தம். ‘ஃப்ரீ’ என்று போட்டிருந்தாலும் நம்பவேண்டாம். கடையில் வாங்கிய புதிய பியானோ இசைக்குறிப்பு நோட்டிலும் இதே சிக்கல்: அதைத் தயாரித்தவர் புதிதாகச் சேர்த்த ஸ்வரங்கள் அவருடையவை. 1929இல் அச்சான நோட்டைப் பார்த்து மகளே வாசித்துப் பாடட்டும். அமெரிக்காவில் ஒரு தொல்லையும் இல்லை.

அப்புறம், யூடியூப் இயந்திரம் மெட்டைக் கண்டுபிடித்து, உரிமை வேறொருவருடையது என்று அறிவிப்பு அனுப்பக்கூடும். தவறு செய்வது இயந்திரம், நிரூபிக்க அலைவது நாம்! பயப்படாமல் மறுப்புப் பதியுங்கள்: ‘1929இல் வெளியான பாட்டு, அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்தது, வாசித்ததும் பாடியதும் என் மகள்.’ பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். அதுவரை, காசு கொடுத்தால் அறிவிப்பை நீக்கித் தருகிறோம் என்று எவராவது எழுதினால் பதிலே போடாதீர்கள்.