வாசலில் பன்னிரண்டு லாரி: தீபாவளி சீசன் கேள்வி பதில்

கோடவுன் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் சேலம் செவ்வாய்பேட்டையில் மூட்டை எண்ணினேன். இப்போது சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு கோடவுனில் டிஸ்பாட்ச், அதாவது சரக்கு ஏற்றி அனுப்பும் வேலை பார்க்கிறேன். ஆயுதபூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் 19, 20 நாள்தான் கிடைக்கும். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த நாட்களைப் பற்றித்தான்.

கேள்வி (லீ பஜார், மளிகை மொத்த வியாபாரம்): அண்ணா, எங்களுக்கு மூன்று டாக் (லாரி வந்து நின்று சரக்கு ஏற்றும் மேடை). சீசனில் காலை பத்து மணிக்கெல்லாம் வாசலில் பன்னிரண்டு லாரி நிற்கிறது. இன்னும் இரண்டு டாக் கட்டிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கொத்தனாரைக் கூப்பிடும் முன் ஒரு நாள் முழுக்க டாக் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்காருங்கள். லாரி பின்னால் வந்து நின்ற நேரம், முதல் மூட்டை ஏறிய நேரம், கடைசி மூட்டை ஏறிய நேரம், லாரி டாக்கை விட்டுக் கிளம்பிய நேரம், இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நான் எழுதிப் பார்த்தபோது தெரிந்தது இதுதான். பத்து வீல் லாரியில் 90 கிலோ ஜவ்வரிசி மூட்டை 200 ஏற்ற, ஆறு பேருக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் லாரி டாக்கில் நின்றதோ இரண்டேகால் மணி நேரம். மிச்ச முக்கால் மணி எங்கே போனது? டிரைவரும் கிளீனரும் தார்பாய் விரித்துக் கயிறு கட்டியது பாதி, பில்லுக்காக ஆபீஸ் வாசலில் நின்றது பாதி. இரண்டுக்கும் டாக் தேவையே இல்லை. கடைசி மூட்டை ஏறியதும் லாரியை முப்பது அடி முன்னால் எடுக்கச் சொல்லி, அங்கே கயிறு கட்ட வைத்தோம். வண்டி மாற்ற பத்து நிமிடம் சேர்த்தாலும் ஒரு லாரிக்கு நூறு நிமிடம். பன்னிரண்டு மணி நேரத்தில் மூன்று டாக்கில் 15 லாரி போன இடத்தில் 21 போனது. ஒரு செங்கல் வைக்கவில்லை.

பத்து மணிக் கூட்டத்துக்குக் காரணமும் நாம்தான். முந்தின நாள் லாரி ஆபீசுக்கு போன் போட்டு "காலையில வந்துடச் சொல்லுங்க" என்கிறோம். எல்லோரும் காலையில் வருகிறார்கள்! ஆறு மணி, எட்டு மணி, பத்து மணி என்று நேரம் பிரித்துச் சொல்லுங்கள். அரை மணி தாமதம் வரை பொறுக்கலாம், அதற்கு மேல் போனால் அடுத்த நேரம். இதில் மட்டும் முதலாளிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கவே கூடாது. ஒரு முறை பார்த்தால் மறுநாள் நீங்கள் சொல்லும் நேரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். குட்டியானை, 407 மாதிரி சின்ன வண்டிகளை டாக்கில் விடாமல் பக்கவாட்டுக் கதவில் ஏற்றி அனுப்புங்கள்.

கேள்வி (சங்ககிரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்): நீங்கள் கோடவுன்காரர், உங்கள் நியாயத்தைச் சொல்கிறீர்கள். என் டிரைவர் ஒரு இடத்தில் பதினான்கு மணி நேரம் காத்திருந்தார். ஹால்டிங், அதாவது காத்திருந்ததற்கான பணம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரித்தவர்கள் செய்தது தப்பு. ஆனால் வாய்ப்பேச்சில் ஹால்டிங் வாங்கியவர் யாரும் இல்லை. வாடகை பேசும்போதே எத்தனை மணி நேரத்துக்கு மேல் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கேட்டில் நுழைந்ததும் செக்யூரிட்டி நோட்டில் நேரம் எழுத வைத்து, அந்தப் பக்கத்தை டிரைவர் போட்டோ எடுக்கட்டும்.

என் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோடவுனில் டிரைவர்களுக்குக் கக்கூஸ் கட்டியது ஐந்து வருடம் முன்புதான். அதுவரை இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்த மனிதன் முள்வேலிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். கக்கூஸ், குளிக்கத் தண்ணீர், ஒரு கட்டில் வைத்த பிறகு சீசனிலும் எங்களுக்கு லாரி இல்லை என்ற பேச்சே வந்ததில்லை. எந்த கோடவுன் எப்படி என்று டிரைவர்களுக்குள் எல்லாம் தெரியும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி, ஜவுளி): லோடு ஏற லேட்டாகி, ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டு) வழியிலேயே காலாவதி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: சரக்கு விவரத்தை, அதாவது பகுதி 'ஏ'-யை, காலையிலேயே போட்டு வைக்கலாம். பதினைந்து நாள் வரை அது இருக்கும். வண்டி நம்பர் போடும் பகுதி 'பி'-யை மட்டும் லாரி கிளம்பும்போது போடுங்கள். காலக்கெடு ஓட ஆரம்பிப்பது அங்கிருந்துதான். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. புனே சுமார் 1,050 கிலோமீட்டர் என்றால் ஆறு நாள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் நாள் என்பது, போட்ட தேதிக்கு மறுநாள் நள்ளிரவில்தான் முடியும். ராத்திரி 11.40-க்கு லாரி ரெடி என்றால், இருபது நிமிடம் டீ குடித்துவிட்டு பன்னிரண்டு தாண்டிப் போடுங்கள். கிட்டத்தட்ட ஒரு முழு நாள் கூடக் கிடைக்கும். ஒரே நாள் கணக்கு வரும் பக்கத்து ஊர் லோடுக்கு இது பெரிய விஷயம். அப்படியும் வண்டி பழுதாகி நின்றால், காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை நீட்டிக்கலாம். தூங்கிவிட்டால் போச்சு.

கேள்வி (கருப்பூர், புதிதாக சூப்பர்வைசர்): அண்ணா, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். மூட்டை எண்ணிக்கையில் தினமும் சண்டை. நான் சொல்வதை லோடுமேன்கள் காதில் வாங்குவதில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, முதலில் மேஸ்திரியிடம் தனியாகப் பேசு. பத்து பேரிடமும் கத்தினால் தொண்டைதான் போகும். கூலிக் கணக்கை அன்றன்றைக்கே முடித்துக் கொடு. சனிக்கிழமை இழுத்தடிக்காத சூப்பர்வைசர் யாராக இருந்தாலும் அவர்கள் மதிப்பார்கள்.

எண்ணிக்கைக்கு ஒரு வழி சொல்கிறேன். லாரியில் ஏறும்போது எண்ணாதே, ஏறும் முன் எண்ணு. முந்தின நாள் சாயங்காலமே ஒவ்வொரு லோடையும் டாக் பக்கத்தில் இருபது இருபது மூட்டையாக அட்டி போட்டு, தரையில் சாக்பீஸால் லோடு நம்பர் எழுதிவிடு. பத்து அட்டி காலியானால் இருநூறு. டிரைவரும் நிற்கட்டும், அவர் கண் முன்னால் காலியாகட்டும். அப்புறம் யார் சண்டை போடுவது?

ஒரே லாரியில் கரூர், திண்டுக்கல், மதுரை என்று மூன்று ஊர் சரக்கு என்றால், மதுரை முதலில் உள்ளே போக வேண்டும், கரூர் கதவோரம். படித்தால் இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். நானே ஒரு முறை மாற்றி ஏற்றி அனுப்பி, கரூரில் நடுரோட்டோரம் நூற்று இருபது பெட்டியை இறக்கித் திரும்ப ஏற்றினார்கள். அந்த டிரைவர் போனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கேள்வி (ஓமலூர்): எங்கள் லோடுமேன்களில் பாதிப் பேர் பீகார். சீசன் நடுவில் திடீரென்று ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

பதில்: திடீரென்று இல்லை, நமக்குத்தான் அப்படித் தெரிகிறது. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் அவர்களுக்கு சட் பூஜை, நமக்குப் பொங்கல் மாதிரி. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். அந்த வாரத்திலேயே உட்கார்ந்து பேசி, யார் எந்தத் தேதி என்று இரண்டு செட்டாகப் பிரித்து, டிக்கெட்டை நீங்களே போட்டுக் கொடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து.

கேள்வி: டாக் லெவலர் (டாக்குக்கும் லாரிக்கும் நடுவே உயரத்தைச் சரிசெய்யும் பலகை) வாங்கலாமா?

பதில்: பேலட்டும் (சரக்கு அடுக்கும் தட்டு), அதைத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டியும் இருந்தால் வாங்குங்கள். தலைச்சுமை என்றால் நல்ல இரும்புத் தகடு போதும்.

கேள்வி (ஏற்காடு, சிறு காபித் தோட்டம்): எங்கள் சீசன் தீபாவளிக்கு அப்புறம்தான். மலையிலிருந்து பெரிய லாரியிலேயே இறக்கினால் செலவு குறையாதா?

பதில்: இருபது கொண்டை ஊசி வளைவில் நீள லாரி திரும்புவதற்குள் பின்னால் சுற்றுலா பஸ்கள் வரிசை கட்டிவிடும். சின்ன வண்டியில் இறக்கி, சேலத்தில் பெரிய லாரிக்கு மாற்றுவதுதான் சரி. ஆனால் மாற்றும் நாளும் பெரிய லாரி வரும் நாளும் ஒன்றாக இருக்கட்டும். இடையில் கோடவுனில் நாள்கணக்கில் கிடந்தால் காபி பக்கத்துச் சரக்கின் வாசனையை இழுத்துக்கொள்ளும். மிளகாய் மூட்டை, சோப்புப் பெட்டி பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம், கட்டை போட்டு அடுக்குங்கள்.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): சீசன்தானே என்று ஒரு டன் கூடப் போட்டு அனுப்பச் சொல்கிறார் முதலாளி.

பதில்: 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக இருக்கும் டன்னுக்கு 2,000. மிகையான சரக்கையும் அங்கேயே இறக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வையுங்கள். நீங்கள் வாதாட வேண்டாம்.

கேள்வி (மல்லூர்): லோடு ஏற்றும்போது லாரி நகர்ந்து ஒருவர் விழுந்துவிட்டார். கால் பிசகியதோடு போயிற்று. இனி எப்படித் தடுப்பது?

பதில்: பிழைத்தார், அதுவே பெரிது. லாரி நின்றதும் சாவி ஆபீஸ் ஆணியில் தொங்க வேண்டும், பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. சாவி ஆணியில் இருக்கும்வரை லாரி நகராது, கடைசி ஆள் இறங்கும்வரை சாவி ஆணியை விட்டு வராது. ஐப்பசி மழையில் தகடு வழுக்கும், ஒரு கோணிச்சாக்கை விரித்து வையுங்கள்.

கேள்வி (செவ்வாய்பேட்டை): தீபாவளிக்கு முதல் நாள் எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்கலாம்?

பதில்: மதியம் இரண்டு. அதற்குப் பிறகு வரும் லாரி எப்படியும் பண்டிகைக்குள் போய்ச் சேராது. ஆனால் டிரைவர்கள் யாராவது வாசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு நடை பார்த்துவிட்டு, ஸ்வீட் பெட்டியில் அவர்களுக்கும் எடுத்து வையுங்கள்.