ஏர் ஃபிரையரில் தொடைக்கறி: வறுபடாமல் வெந்துபோவது ஏன்?

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறோம். 4 லிட்டர் ஏர் ஃபிரையர். எலும்பில்லாத கோழித் தொடைக்கறி அரை கிலோவைத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மொத்தத்தையும் ஒரே தடவையாக 180 டிகிரியில் 20 நிமிடம் வைக்கிறேன். துண்டுகள் வெளுத்து, மேலே வெள்ளைத் திட்டாக வருகின்றன. அடியில் தண்ணீர் நிற்கிறது. சில துண்டுகள் உள்ளே சிவப்பாக இருக்கின்றன. ஏற்காட்டில் நாத்தனார் வீட்டிலும் இதே மெஷின்தான், அங்கே இன்னும் மோசம். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?

பதில்: 200 டிகிரி. முதல் பக்கம் 7 நிமிடம், திருப்பிப் போட்டு 4 அல்லது 5 நிமிடம். ஆனால் இப்போது செய்கிற முறையை மாற்றாமல் இந்த எண்ணை மட்டும் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. உங்கள் கறிக்குச் சூடு போதவில்லை என்பதைவிட, அதில் தண்ணீர் அதிகம் என்பதுதான் உண்மை.

கறியின் மேல்பரப்பு ஈரமாக இருக்கிறவரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற சூடு முழுவதும் அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். கறி சிவந்து, வறுத்த வாசனை வருவது சுமார் 140 டிகிரிக்கு மேல்தான். ஈரம் போய் அந்த நிலை வருவதற்குள் உங்கள் 20 நிமிடம் முடிந்துவிடுகிறது. வெள்ளைத் திட்டு என்கிறீர்களே, அது பாதி திரிந்த தயிர், பாதி கறியிலிருந்து கசிந்து உறைந்த புரதம். கெட்டுப்போனது அல்ல, சாப்பிடலாம். பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? முதலில் கழுவுவதிலிருந்து. மஞ்சள் போட்டு மூன்று நான்கு தண்ணீரில் அலசி, ஒரு பிழி பிழிந்து அப்படியே மசாலாவில் போடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் கிருமிகள் தெறித்து சிங்க், மேடை, பக்கத்துப் பாத்திரம் என்று எல்லா இடத்துக்கும் போகும். கழுவாமல் மனசு கேட்காது என்றால், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக முக்கி எடுங்கள். பிறகு ஓட்டைத் தட்டில் 15 நிமிடம் வடியவிட்டு, கிச்சன் டிஷ்யூவால் ஒவ்வொரு துண்டையும் இரண்டு பக்கமும் ஒற்றுங்கள். இந்த ஒற்றியெடுப்பைத் தவிர்த்தால் கீழே சொல்லப்போகிற எதுவும் பலிக்காது.

அடுத்தது தயிர். அரை கிலோ கறிக்கு மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் 2 டேபிள்ஸ்பூன் போதும். ராத்திரி முழுக்கவும் வேண்டாம், 3 மணி நேரம் போதுமானது. அதிக நேரம் புளிப்பில் கிடந்தால் மேல்பகுதி மாவு மாதிரி ஆகிவிடும். கறிக்குள்ளே ஆழமாக இறங்குவது உப்புதான். மசாலாப் பொடிகள் பெரும்பாலும் மேலேயே நிற்கும். முந்தின ராத்திரியே தயார் செய்ய வேண்டுமென்றால் உப்பையும் மஞ்சளையும் மட்டும் தடவி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடாமல் வையுங்கள். ஃபிரிட்ஜின் காற்றே மேல்பரப்பை உலர்த்திவிடும். மற்ற மசாலாவைச் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு சேர்த்துக்கொள்ளலாம். பப்பாளிக்காய் விழுது தொடைக்கறிக்குத் தேவையே இல்லை.

கடையில் வெறுமனே 'போன்லெஸ்' என்றால் நெஞ்சுக்கறியைத்தான் எடை போடுவார்கள். 'லெக் பீஸ்ல எலும்பு எடுத்துக் கொடுங்க, தோல் வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். ஒரு கிலோ லெக் பீஸுக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் கறி தேறும். வீட்டுக்கு வந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். மூட்டுப் பக்கம் குருத்தெலும்பு ஒட்டியிருக்கும், வெட்டி எடுத்துவிடுங்கள். தொடை ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லிதாகவும் இருக்கும். தடித்த இடத்தில் கத்தியைப் படுக்கவைத்துக் கீறி, புத்தகம் போல் விரித்தால் எல்லா இடமும் ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். சில துண்டுகள் வேகாமல் போனதற்குப் பாதிக் காரணம் இந்தத் தடிமன்தான். நாட்டுக்கோழியை இதில் முயல வேண்டாம். அதற்குக் குக்கர்தான் சரி.

அரை கிலோவுக்கு அளவு இது: தூள் உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், தண்ணீர் விடாமல் அரைத்த இஞ்சி பூண்டு விழுது 1 டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், கரம் மசாலா அரை டீஸ்பூன், மேலே சொன்ன கெட்டித் தயிர். மெஷினில் வைப்பதற்குச் சற்று முன்பு அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன், மரவள்ளி மாவு 1 டேபிள்ஸ்பூன் தூவிப் பிசறி, கடைசியாக 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய். மாவை முன்னதாகவே போட்டால் ஊறிக் கொழகொழவென்று ஆகும். எண்ணெய் படாத மாவு வெந்த பிறகும் வெள்ளைப் பொடியாகவே நிற்கும். அதனால் எண்ணெயை விட்டுவிடக் கூடாது. பஜ்ஜிக்குக் கரைப்பது போல மாவைக் கரைத்து முக்கிப் போடுவது இந்த மெஷினுக்கு ஆகாது, கூடையின் ஓட்டை வழியாக வழிந்துவிடும்.

சேகோ ஃபேக்டரிகள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு சோள மாவு தேடி அலைய வேண்டாம். மரவள்ளி மாவு கிடைக்காவிட்டால் மாவு ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்துச் சலித்தாலும் அதே வேலை நடக்கும். நைலான் ஜவ்வரிசி வேண்டாம். மொறுமொறுப்பில் இது சோள மாவுக்குக் குறைந்ததல்ல, நம் கணிப்பில் ஒருபடி மேலே.

இனி மெஷின். பெயரில்தான் ஃபிரையர், உள்ளே இருப்பது ஒரு சூட்டுக் கம்பியும் வேகமான விசிறியும். துண்டுகளைச் சுற்றிக் காற்று ஓடினால்தான் வறுபடும். அரை கிலோவையும் குவித்துப் போட்டால் கூடை இட்லிப் பானையாகிவிடும். அடியில் நிற்கிற தண்ணீர் அதற்குச் சாட்சி. உங்கள் 4 லிட்டர் கூடையில் துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டு ஒரே அடுக்காக அடுக்குங்கள். இரண்டு ஈடாகச் செய்ய வேண்டிவரும், செய்யுங்கள். முதலில் வெறும் கூடையை 200 டிகிரியில் 4 நிமிடம் சூடாக்கிக்கொள்ளுங்கள். அப்போது பட்டர் பேப்பர் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. எடையில்லாத காகிதத்தை விசிறி மேலே இழுத்துச் சூட்டுக் கம்பியில் ஒட்டவைத்துவிடும், தீப்பிடிக்கும். கறிவேப்பிலைக்கும் இதே கதைதான். துண்டுக்கு அடியில் செருகிவைக்கலாம், மேலே தூவக் கூடாது.

வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தொடைக்கறி இயல்பிலேயே சிவந்த கறி. எலும்பை ஒட்டியிருந்த இடம் நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகத் தெரியலாம். குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். தடித்த துண்டின் நடுவில் 74 டிகிரி வந்தால் பாதுகாப்பு. ஆனால் தொடைக்கு அதோடு நிறுத்த வேண்டாம். 80 முதல் 85 வரை போகவிட்டால் உள்ளிருக்கிற ஜவ்வு இளகி, கறி மெதுவாகும். நெஞ்சுக்கறியை அவ்வளவு சூடேற்றினால் நார்நாராகக் காய்ந்துவிடும், தொடை தாங்கும். வெளியே எடுத்ததும் 3 நிமிடம் விட்டுப் பரிமாறுங்கள்.

ஏற்காட்டு விஷயத்துக்கு வருவோம். அந்த ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் கொதிப்பது ஏறக்குறைய 95 டிகிரியில். ஈரமான கறியின் மேல்பரப்பு அந்த அளவோடு நின்றுவிடும். காற்றும் அடர்த்தி குறைவு, அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் கறிக்குக் கொண்டுவந்து சேர்க்கிற சூடு குறையும். இதோடு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கறி அந்தக் குளிரில் சீக்கிரம் குளிர் விடாது. நாத்தனாரிடம் சூட்டைக் கூட்டச் சொல்லாதீர்கள், மசாலா கருகும். கறியை 20 நிமிடம் முன்பே வெளியே எடுத்துவைத்து, 200 டிகிரியிலேயே மொத்தத்தில் 2 நிமிடம் கூட்டினால் போதும்.

வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த சூட்டுக் கம்பி, 200 வோல்ட் வந்தால் முக்கால் பங்கு சக்தியில்தான் வேலை செய்யும். 180 என்றால் 60 சதவீதம்தான். மெஷின் எப்படியோ சமாளித்துச் சூடேறும், ஆனால் கூடையைத் திறந்து மூடுகிறபோதெல்லாம் இழந்த சூட்டை மீட்க நேரம் பிடிக்கும். வோல்டேஜ் இறங்குகிற சாயங்கால வேளைகளில் முன்சூட்டை 4 நிமிடத்திலிருந்து 7 ஆக்குங்கள், நடுவில் ஒரே ஒருமுறை மட்டும் திறங்கள். 1,500 வாட் மெஷின் ஆறரை ஆம்பியர் இழுக்கும். பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், டிவிக்குப் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூடாது.

அங்கே தோட்டத்து மிளகு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்குமே, அதைப் பயன்படுத்துகிற விதம் ஒன்று உண்டு. கொரகொரப்பாக இடித்து, பாதியை மசாலாவோடும் பாதியைக் கறி வெந்து வெளியே வந்த பிறகும் போடுங்கள். 200 டிகிரி காற்றில் 12 நிமிடம் இருந்த மிளகில் காரம் இருக்கும், வாசனை போயிருக்கும்.

தயிரே வேண்டாம் என்றால் பள்ளிபாளையம் ருசிக்குப் போகலாம், ஏர் ஃபிரையருக்கு அது பொருத்தமானதும்கூட. மசாலாப் பொடி கிடையாது, ஈரம் குறைவு. உப்பும் மஞ்சளும் எண்ணெயும் மட்டும் தடவிய துண்டுகளை 7 நிமிடம் வைத்துத் திருப்புங்கள். விதை நீக்கிக் கிள்ளிய 8 வரமிளகாய், நீளவாக்கில் அரிந்த 10 சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி தேங்காய்ப் பல் ஆகியவற்றை எண்ணெயில் புரட்டி, கடைசி 4 நிமிடத்துக்கு மட்டும் உள்ளே சேர்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே போட்டால் மிளகாய் கருகி, வீடே இருமும்.

மிச்சமானதைச் சேலத்து வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். மறுநாள் 170 டிகிரியில் 4 நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். நாலைந்து முறை சமைத்த பிறகு மெஷினை ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, தலைகீழாகக் கவிழ்த்துச் சூட்டுக் கம்பியைப் பாருங்கள். அங்கே தெறித்துக் காய்ந்த எண்ணெய்தான் அடுத்த முறை புகைவதற்குக் காரணம். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.