தமிழ்ப்பள்ளிகளில் ‘உயர்நிலைச் சிந்தனை’ என்கிறார்களே, அது என்ன?

2013-2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டத்துக்குப் பின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் சொல் இது. படித்ததைத் திருப்பிச் சொல்வதோடு நில்லாமல் காரணம் தேடுவது, ஒப்பிடுவது, புதிதாக ஒன்றை முயல்வது, அவ்வளவுதான். கேள்வி சற்றே மாறினாலும் மனப்பாட விடை கைவிட்டுவிடும். காரணம் தெரிந்த பிள்ளையோ தானே வழி கண்டுபிடிக்கும்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர் வகுப்பறை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். “பால்மரத்தை (ரப்பர் மரத்தை) ஏன் விடியலிலேயே சீவுகிறார்கள்?” என்று ஆசிரியர் கேட்கிறார். “அப்போதுதான் பால் நிறைய வடியும்” என்கிறது ஒரு பிள்ளை. பாதி விடைதான். “ஏன் நிறைய வடிகிறது?” என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். (ஆசிரியர்களான எங்களுக்கு மிகக் கடினமான வேலை அதுதான்.) யாரோ வெயிலைச் சொல்வார்கள், யாரோ பாட்டியிடம் கேட்டு வருவார்கள். குளிர்ந்த வேளையில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை, மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்ற இடத்துக்கு மெல்ல வந்து சேர்வார்கள். அதற்குள் “மழை நாளில் ஏன் சீவுவதில்லை?” என்று அவர்களே கேட்டிருப்பார்கள்.

சமையலும் இப்படித்தான். குறிப்பை மட்டும் நம்புகிறவர் புளி தீர்ந்தால் திகைப்பார். புளிப்பு எதற்கென்று அறிந்தவர் அசாம் கெப்பிங்கை (உலர்த்திய புளிப்புப் பழத் துண்டுகளை) போட்டுக் குழம்பை முடித்துவிடுவார். படைப்பாற்றல் தொடங்குவதும் அங்கேதான்.

மனப்பாடமே கூடாது என்று இதைப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. வாய்பாடு தெரியாத பிள்ளை கணக்கில் எதை வைத்து யோசிக்கும்?